ஒரே வீட்டில் மூன்று பேருக்குப் புற்றுநோய்: கடலூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2021-க்கும் 2023-க்கும் இடையில், கடலூர்க் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேருக்கு அடுத்தடுத்துப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. முதலில் தாய்மாமனுக்கு வாயில். அடுத்து அவருடைய அக்காவுக்குக் கருப்பை வாயில். பிறகு அந்த அக்காவின் மூத்த மகளுக்கு மார்பில். மூவருமே சிகிச்சைக்குப் புதுச்சேரிக்கு வந்தார்கள். நோயாளிகளுக்கு வழிகாட்டும் சமூகப் பணியில் இருக்கிறேன். மூன்று கோப்புகளும் என் கைக்கு வந்தன. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் எதுவும் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூத்த மகள் என்னிடம் முதலில் கேட்டது இது: "எங்க ரத்தத்துலயே இருக்குதா மேடம்? இருந்தா இப்பவே சொல்லிடுங்க." வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே "இருக்கிறது" என்று முடிவு கட்டியிருந்தார்கள். பல வருஷத்துக்கு முன் வயிற்றில் கட்டி வந்து இறந்த அப்பாவையும் சேர்த்துக் கணக்கு நான்கு. அந்த முடிவு அவர்களை என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். நோய் தந்த சேதத்தில் ஒரு பங்கு அந்த முடிவால் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

மாமா

அப்போது அவருக்கு 51 வயது. துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. 17 வயதில் படகுக்குப் போனபோது பழகியது ஹான்ஸ் புகையிலை. ராத்திரிக் கடலில் தூக்கம் வராது, பசியும் தெரியாது என்று பெரியவர்கள் கொடுத்துப் பழக்கியது. இடது பக்கம் கன்னத்துக்கும் கீழ்ப்பல் வரிசைக்கும் நடுவில் அடக்கிக்கொள்வார். 34 வருஷம் அதே இடம். கூடவே சீவல் பாக்கு, சாயங்காலம் ஒரு குவார்ட்டர்.

2020 கடைசியில் காரம் பட்டால் வாய் எரிய ஆரம்பித்தது. மெடிக்கலில் ஜெல்லும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு கடைவாய்ப் பல் ஆடியது. ஒரு தனியார் கிளினிக்கில் பிடுங்கினார்கள். பிடுங்கிய குழி ஆறவில்லை. மறுபடி போனார், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இன்னொரு முறை போனார், வேறு ஆன்டிபயாடிக். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் சந்தேகப்பட வேண்டும். புகையிலை அடக்கும் ஆளுக்குப் பல் பிடுங்கிய குழி ஆறவில்லை என்றால் அங்கிருந்து துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். இங்கே அது நடக்கவே ஆறு மாதம் ஆனது. அதற்குள் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை, கட்டி தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டது. நான்காம் நிலை.

இடது பக்கக் கீழ்த்தாடையையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, மார்பிலிருந்து சதையைத் திருப்பிக் கொண்டுவந்து அந்த இடத்தை மூடினார்கள். அப்புறம் 30 தவணை கரண்ட். ரேடியேஷனை எங்கள் வார்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 2022-ல் கழுத்தில் திரும்ப வந்தது. 2023 தையில் இறந்துபோனார்.

இவரைப் போன்றவர்கள்தான் இந்திய ஆண்களின் புற்றுநோய்க் கணக்கில் முதலிடத்தில் இருக்கிறார்கள். 2022-க்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த வருஷம் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர். அதில் உதடு, வாய்ப் புற்றுநோய் மட்டும் 1.4 லட்சத்துக்கு மேல், பெரும்பாலும் ஆண்கள். நுரையீரல் அதற்கும் பின்னால்தான் வருகிறது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நுரையீரல்தான் முதலிடம். இங்கே வாய் முந்திக்கொண்டதற்குக் காரணம் மெல்லும் புகையிலையும் பாக்கும். புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. மதுவும் சேர்ந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. பெண்களுக்கும் வரும், குறிப்பாக வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகிய ஆயாக்களுக்கு.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: வாய் என்பது ஒரு டார்ச் லைட் போதும் பார்க்க. திருவனந்தபுரம் மாவட்டத்தில் அப்படி வாயைப் பார்த்துச் சொல்லும் பரிசோதனையை ஆயிரக்கணக்கானவர்களிடம் செய்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் முடிவு வந்தது.

அம்மா

மாமாவின் அக்காவுக்கு 62 வயது. காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் மீன் கொண்டுபோய்ப் பக்கத்து நகர்களில் விற்பவர். 16 வயதில் கல்யாணம், ஐந்து பிரசவம். மாதவிலக்கு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த நிலையில் லேசாக ரத்தம் பட்டது. "போன தீட்டு திரும்பி வருது" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சிரித்துச் சொன்னாராம். கூடவே நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், இடுப்புவலி. தம்பி தாடையை எடுத்துவிட்டுப் படுத்திருக்கும்போது இதை யாரிடம் சொல்வது என்று எட்டு மாதம் துணி வைத்துச் சமாளித்தார். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்த பிறகுதான், வியாபாரம் இல்லாத நாட்களில், சின்ன மகள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய், 3பி நிலை. கட்டி இடுப்புச் சுவர் வரை பரவியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை.

ஐந்து வாரம், 25 தவணை வெளிக் கரண்ட், வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசி, கடைசியில் கருப்பைக்குள்ளேயே கதிர்வீச்சுக் கருவியை வைத்துத் தரும் சிகிச்சை. கடலூரிலிருந்து தினமும் பஸ். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று வரும் பஸ்ஸில், பேதியோடு. இதை மருத்துவக் குறிப்பில் யாரும் எழுதுவதில்லை. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் விடுகிறார்கள். இவர் விடவில்லை.

அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "நான் என்ன தப்பு பண்ணேன் எம்மா?" கருப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்ற கிருமியால் வருவது; அது உடலுறவில் தொற்றுவது. இதைச் சொன்னதும் குடும்பங்களில் யார் மேல் பழி போடலாம் என்று பார்வை திரும்பும். உண்மையில் இல்லற வாழ்க்கை நடத்தும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தத் தொற்று வந்து, ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடுகிறது. தங்கினாலும் புற்றாக மாற 15, 20 வருஷம் எடுத்துக்கொள்கிறது. சின்ன வயதிலேயே கல்யாணம், பல பிரசவம், எதிர்ப்புச் சக்திக் குறைவு, புகையிலை இவையெல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டும். தப்பு என்று எதுவும் இல்லை ஆயா என்று சொன்னேன். நம்பினாரா தெரியாது.

அந்த 15, 20 வருஷ இடைவெளிதான் முக்கியம். மாற்றம் தொடங்கிய இடத்தைப் புற்றாகும் முன்பே கண்டுபிடிக்கலாம். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்த்தால், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். இதைப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே செய்யலாம் என்பது நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நிரூபிக்கப்பட்டது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்த ஊர்களில், மற்ற ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. முடிவு 2007-ல் வெளியானது. உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தியா முழுவதும் பார்த்தால் இரண்டு பேருக்கும் குறைவு. ஐந்து பிரசவத்துக்கும் கணவரின் வைத்தியத்துக்கும் ஆஸ்பத்திரி படியேறிய இந்தப் பெண்ணிடம் ஒரு தடவைகூட யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

மகள்

மூத்த மகளுக்கு 43 வயது. புதுச்சேரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, முப்பத்து மூன்று வயதில் பிறந்த ஒரே பிள்ளை, மெல்லும் பழக்கமோ குடியோ எதுவும் இல்லாதவர். மாமா இறந்து சில வாரங்களில், குளிக்கும்போது இடது மார்பில் கோலிகுண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. ஆரம்பத்தில் மார்பகக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதும், வலிக்காததாலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதும் ஓ.பி.யில் தினம் பார்க்கும் விஷயம். ஆனால் இவர் விட்டதற்குக் காரணம் வேறு. "மாமாவுக்கு வந்துச்சு, அம்மாவுக்கு வந்துச்சு, நமக்கும் வந்துடுச்சுன்னு அப்பவே தெரியும். காட்டி என்ன ஆகப்போவுது? மாமா பட்டதைப் பாத்தேனே" என்றார். நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு காரணமும் பின்னால் தெரிந்தது: மாமாவின் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள் என்று பயம்.

மாமாவின் நான்காம் நிலை வாய்ப் புற்றையும் தன் கட்டியையும் ஒரே நோயாக நினைத்ததில்தான் அந்த நாலு மாதம் போனது. கோலிகுண்டு நாலு சென்டிமீட்டர் ஆகியிருந்தது, அக்குளில் நெறி கட்டியிருந்தது. ஆனால் வேறு எங்கும் பரவவில்லை.

இந்தியப் பெண்களில் மார்பகப் புற்றுநோய்தான் இப்போது முதலிடம். 2022-ல் சுமார் 1.9 லட்சம் பேர். கருப்பை வாய் சுமார் 1.27 லட்சத்தோடு இரண்டாவது. ஒரு தலைமுறைக்கு முன் சென்னையில்கூட இந்த வரிசை தலைகீழாக இருந்தது. கல்யாண வயது தள்ளிப்போனது, பிள்ளைகள் குறைந்தது, தாய்ப்பால் கொடுக்கும் காலம் சுருங்கியது, உடல் எடை கூடியது என்று காரணங்கள் சொல்வார்கள். இந்த வீட்டிலேயே அந்த மாற்றத்தைப் பார்க்கலாம்: 16 வயதில் கட்டிக்கொண்டு ஐந்து பெற்ற தாய்க்குக் கருப்பை வாயில், முப்பதுக்கு மேல் ஒன்று பெற்ற மகளுக்கு மார்பில். அதற்காக வேலைக்குப் போகும் பெண்களைக் குறை சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். தாயின் நோய் தடுத்திருக்கக்கூடியது. மகளுக்கு அவர் எடுத்த எந்த முடிவினால் வந்தது என்று யாராலும் கைகாட்ட முடியாது.

மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்கு இது ஏறக்குறைய பத்து வருஷம் முன்னதாகவே வருகிறது. இவருடையது ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் இல்லாத வகை. இளவயதில் அதிகம் காணப்படுவது, வேகமாக வளர்வது, ஹார்மோன் மாத்திரைகளுக்குக் கட்டுப்படாதது. அதனால் முதலில் கீமோ, கட்டி சுருங்கிய பிறகு அறுவை சிகிச்சை, அப்புறம் கரண்ட். எடுத்த சதையில் கொஞ்சம் உயிருள்ள செல்கள் மீதியிருந்ததால் ஆறு மாதம் கேப்சிட்டபின் என்ற கீமோ மாத்திரை. உள்ளங்கால் தோல் உரிந்து, கடையில் நின்று வேலை பார்க்க முடியாமல் சம்பளம் போனது. அந்தக் கஷ்டத்துக்கு எந்தக் காப்பீட்டு அட்டையிலும் இடமில்லை.

ரத்தத்தில் இருந்ததா?

புற்றுநோய்களில் பரம்பரை மரபணுக் குறையால் வருபவை நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துவரைதான். அப்படிப்பட்ட குடும்பங்களில் ஒரே வகை நோயோ, அல்லது மார்பகம்-சினைப்பை, பெருங்குடல்-கருப்பை என்று ஒன்றோடொன்று தொடர்புடைய நோய்களோ, இளவயதிலேயே பலருக்கு வரும். வாய், கருப்பை வாய், மார்பகம் என்ற இந்த வரிசை அந்த வகையில் சேராது. மாமாவுக்குப் புகையிலை, அம்மாவுக்குக் கிருமி. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை.

ஆனாலும் மகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். குடும்பம் இதைக் கேட்டதும், "பாத்தீங்களா, நாங்க சொன்னோமே" என்றது. தாயையும் மாமாவையும் வைத்து அந்தப் பரிசோதனை கேட்கப்படவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நோயே வராமல் இருந்திருந்தாலும், அவருடைய கட்டியின் வகையை வைத்தே கேட்டிருப்பார்கள். மார்பக, சினைப்பைப் புற்றோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக்கள் இரண்டிலும் குறையில்லை என்று வந்தது. வேறொரு மரபணுவில் ஒரு சிறு மாற்றம். நல்லதா கெட்டதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாத வகை. அதை இல்லாததாகவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், பின்னால் அதன் பொருள் தெளிவானால் ஆய்வகம் தெரிவிக்கும் என்று விளக்கினார்கள். வீட்டுக்குப் போவதற்குள் அது "ஏதோ இருக்குதாம், சொல்ல மாட்டேங்கறாங்க" ஆகிவிட்டது. அந்தத் தாளை விளக்குவது என் வேலையிலேயே கஷ்டமான ஒன்று. இல்லை என்ற பதிலைக்கூட மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். தெரியவில்லை என்றால் மறைப்பதாக நினைக்கிறார்கள்.

அப்பாவின் வயிற்றுக் கட்டியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு தாள்கூட இல்லை. வயிற்றில் கட்டி என்றால் இரைப்பையா, கல்லீரலா, காசநோய்க் கட்டியா என்று இப்போது யார் சொல்வது?

உறவினர் ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டையைக் காரணமாகச் சொன்னார். கடலூரில் இதைச் சொல்லாமல் எந்தப் பேச்சும் முடியாது, அதற்கு நியாயமும் உண்டு. சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 வாக்கிலேயே தாங்களே காற்று மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் நச்சு வாயுக்கள் இருந்ததைக் காட்டியவர்கள். பென்சீன் ரத்தப் புற்றுநோயோடும் வைனைல் குளோரைடு கல்லீரலோடும் தொடர்புடையவை. காற்று மாசு நுரையீரலோடு. அந்தப் போராட்டம் வேறு, தேவையானது. ஆனால் 34 வருஷ ஹான்ஸையும் செய்யாத ஒரு பரிசோதனையையும் ஆலைப் புகையில் மறைத்தால், அடுத்த தலைமுறைக்கு ஒரு உபயோகமும் இல்லை.

ஓ.பி. பெஞ்சில் மற்றவர்கள்

இந்த மூவரும் மணிக்கணக்கில் காத்திருந்த பெஞ்சுகளில் பக்கத்தில் இருந்தவர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீடி பிடித்து நுரையீரலில் வந்த பெரியவர். எதுவுமே பிடிக்காமல் அதே நோய் வந்த 50 வயதுப் பெண். புகைக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்று வருகிறது, அதில் ஒரு பகுதிக்குக் குறிப்பிட்ட மரபணு மாற்றத்தைப் பார்த்து மாத்திரையே கொடுக்கலாம். இரைப்பைப் புற்றுநோயாளிகள் நிறையப் பேர், பெரும்பாலும் ஐம்பது தாண்டிய ஆண்கள். எச். பைலோரி கிருமி, உப்பு அதிகமான சாப்பாடு, புகை எல்லாம் சேர்ந்தது. மஞ்சள் காமாலை பி கிருமி பல காலம் தங்கிக் கல்லீரலைக் கெடுத்தவர்கள். இப்போது பிறந்தவுடனே குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடுகிறோம். சிறுநீர் பிரியாமல் வந்து புராஸ்டேட் என்று தெரிந்துகொண்ட எழுபது வயதுக்காரர்கள். குழந்தைகளுக்கு வருவதில் ரத்தப் புற்றுநோய்தான் அதிகம், முழுச் சிகிச்சை எடுத்தால் பலர் குணமாகிவிடுகிறார்கள். இதைச் சொல்லும்போது அம்மாக்கள் முகத்தில் முதலில் சந்தேகம்தான் தெரியும்.

வீட்டில் இருப்பவர்கள்

மகளின் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே மற்றவர்களையும் ஒவ்வொருவராக வரச் சொன்னோம். "எல்லாருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்பது அவர்கள் கோரிக்கை. யாருக்கும் ஸ்கேன் எடுக்கவில்லை.

38 வயதுச் சின்ன மகளுக்கு அசிட்டிக் அமிலச் சோதனையில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்துச் சதை எடுத்ததில், புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று வந்தது. உள்நோயாளியாகப் படுக்காமலேயே அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். தாய்க்கு இருபது வருஷத்துக்கு முன் நடந்திருக்க வேண்டியது இதுதான். அக்காவுக்கு இளவயதில் வந்ததால் இவருக்கு மார்பகப் பரிசோதனையும் நாற்பதுக்கு முன்பே ஆரம்பித்திருக்கிறது.

அவருடைய 13 வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி. 15 வயதுக்குள் போட்டால் இரண்டு தவணை போதும். 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தை 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சின்ன மகள் அதுவரை காத்திருக்கவில்லை, சீட்டுப் பணத்தை எடுத்து முதல் தவணையைப் போட்டுவிட்டார்.

மாமாவின் 19 வயது மகன்தான் பிடி கொடுக்காதவர். அவர் வைப்பது கூல் லிப். "அப்பா போட்டது ஹான்ஸ், இது வெறும் ஃபில்டர் மேடம்" என்றார். உதட்டுக்குள் அடக்கும் சிறு பை, உள்ளே இருப்பது அதே புகையிலை. கீழ் உதட்டின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது. பயாப்சியில் பயப்படும்படி ஒன்றுமில்லை. பழக்கத்தை விட்டால் இந்த மாதிரித் திட்டுகள் பல நேரம் மறைந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்றார்கள். புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். அவர் சொன்னது: "ரத்தத்துல இருக்குது, விட்டாலும் வரும், விடாட்டியும் வரும்." அத்தை மகளின் மரபணு அறிக்கையை எடுத்துக் காட்டி விளக்கினேன். உங்கள் அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு ரத்தத்தில் வராது, இந்தப் பையில்தான் வரும் என்று நேராகவே சொன்னேன்.

முதல் மறுபரிசோதனைக்கு வந்தார், திட்டு அப்படியே இருந்தது. இரண்டாவதுக்கு வரவில்லை. அம்மாவுக்கு இப்போது கதிர்வீச்சால் குடலில் ஏற்பட்ட புண்ணுக்கு வைத்தியம் நடக்கிறது, புற்று திரும்பவில்லை. மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அவருடைய வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்தில்தான், அதில் இரண்டு முடிந்திருக்கிறது. அடுத்த முறை வரும்போது மாமா பையனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பையனுக்குப் பல் ஓ.பி.யில் அதே நாளுக்குச் சீட்டு போட்டு வைத்திருக்கிறோம்.